நாற்பதைத் தாண்டினால் கேட்காத பாட்டு

என் பைக்கின் முன்னால் காற்றைக் கிழிக்க ஒரு பிளாஸ்டிக் முகப்பு உண்டு. ஃபேரிங் என்பார்கள். அதில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு ஸ்பீக்கர். திருச்சியில் பழைய வண்டியாக வாங்கியபோது அவற்றில் மயங்கி, என்ஜினைப் பற்றி விசாரிக்கவே மறந்துவிட்டேன். பெரம்பலூரிலிருந்து அரியலூரில் இருக்கும் ஆபீசுக்கு அதில்தான் தினமும் போய்வருகிறேன். ஐம்பத்திரண்டு வயதில், யாரும் குறுக்கே பேசாத நேரம் எனக்கு அது ஒன்றுதான்.

ஆனால் வேகம் நாற்பதைத் தாண்டினால் பாட்டு கேட்காது. காற்றும் சுண்ணாம்புக்கல் லாரிகளும்தான் கச்சேரி செய்யும்.

வீட்டில் அப்போது வேறொரு பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. எனக்குக் காது மந்தம் என்று மனைவி முடிவுகட்டியிருந்தாள். டாக்டரும் என்னை ஒரு சின்ன அறைக்குள் அடைத்து ஏதேதோ ஒலியெழுப்பிப் பார்த்துவிட்டு, அவள் கட்சியில் சேர்ந்துகொண்டார். காதுக்கு மெஷின் வைக்கச் சொன்னார். முடியாது என்றேன். நாட்டில் பாதிப் பேர் முணுமுணுத்தால் அதற்கு என் காதா பொறுப்பு?

ஸ்பீக்கர்தான் மோசம் என்று தீர்மானித்து, கார்களுக்கு ஸ்டீரியோ மாட்டும் கடைக்குப் போனேன். கடைக்காரர் நல்லதாக ஒரு ஜோடி மாட்டினார். ஆம்ப்ளிஃபையர் வேண்டாம், இந்த பேட்டரி தாங்காது, இதுவே தாராளம் என்றார். மறுநாளும் அதே நாற்பது, அதே காற்று. திரும்பிப் போய் வக்கீல் மாதிரி வாதாடினேன். அவர் பாட்டைப் போடச் சொல்லி என் பின்னால் ஏறி உட்கார்ந்தார்.

குரும்பலூர் ரோட்டில் ஐம்பதைத் தொட்டதும் தலையைத் திருப்பி, "பாத்தீங்களா, ஒண்ணும் கேக்கல" என்று கத்தினேன். அவர் என் தோளில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்.

"சார், எனக்குப் பல்லவி முடிஞ்சு சரணம் ஓடுது" என்று என் காதருகே கத்தினார்.

மக்காச்சோளக் காட்டோரம் வண்டியை நிறுத்தினேன். அவரும் இறங்கினார்.

"எங்கப்பாவும் இப்படித்தான் சார். டிவிதான் ரிப்பேருன்னு நாலு டிவி மாத்துனாரு. கடைசி வரைக்கும் காதுல மெஷின் வைக்கல."

"நாலாவது டிவி எப்படி?"

"தெருவுக்கே கேட்டுச்சு சார்."

முன்பின் தெரியாத அந்தப் பெரியவர் மேல் எனக்கு மரியாதை பொங்கியது. "அப்ப ஆம்ப் போட்டுடுங்க" என்றேன்.

பெரிய பேட்டரியும் போட்டார். இப்போது அறுபதிலும் வயலின் தனியாகக் கேட்கிறது. நான் தெருமுனை திரும்பும்போதே மனைவி தோசைக்கல்லை அடுப்பில் வைத்துவிடுகிறாள். "காதுல வைக்க வேண்டியத வண்டில வச்சிருக்கீங்க. பின்னாடி லாரிக்காரன் ஹாரன் அடிச்சா என்ன பண்ணுவீங்க?" என்றாள். நியாயமான கேள்வி. கண்ணாடியைப் பார்த்து ஓட்டுகிறேன் என்றேன். குறை காதில்தான் என்பது எனக்கும் தெரியும். தெரிவது வேறு, ஒப்புக்கொள்வது வேறு.

போன வாரம் டாக்டர் மறுபடி வரச் சொல்லியிருந்தார். பாட்டோடுதான் போனேன். ஆஸ்பத்திரி வாசலில் வாட்ச்மேன் ஓடிவந்து சத்தத்தைக் குறைக்கச் சொன்னார். உடனே குறைத்தேன். உள்ளே போய், வாட்ச்மேன் சொன்னது மெஷின் இல்லாமலே விளங்கிற்று என்று டாக்டரிடம் சாட்சியத்தோடு வாதாடினேன். வாட்ச்மேன் இரண்டு கையாலும் ஜாடை காட்டியதை மட்டும் நான் சொல்லவில்லை.