பேச்சி அத்தையின் எட்டாவது வார்த்தை

பால் பூத் வரிசையில் நின்றுகொண்டிருந்தபோது முத்தையா மாமாவிடமிருந்து போன் வந்தது. "ஆஸ்பத்திரி வரைக்கும் கொஞ்சம் வரியாம்மா? ஏதோ ஃபாரத்தக் குடுத்து ஹிந்தியில கேக்காங்க. எனக்கு ஒண்ணும் வெளங்கல" என்றார். மாமா பதினெட்டு வருடமாக டெல்லியில் அரசு அலுவலகத்தில் வேலை பார்ப்பவர். அவருக்கு ஹிந்தி நன்றாகவே வரும். அன்று காலை மட்டும் வரவில்லை. அதிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, பேச்சி அத்தை போய்விட்டார் என்று.

அஞ்சலிக் கூட்டத்தில் என்னைப் பேசச் சொன்னீர்கள். என்னால் நான்கு பேர் முன்னால் நின்று பேச முடியாது. ஒன்பதாம் வகுப்பில் பள்ளியை விட்டதற்கு அம்மாவின் முதுகுவலியும் வீட்டு வேலையும்தான் காரணம் என்று எல்லோரிடமும் சொல்வேன். வகுப்பில் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டாம் என்ற நிம்மதியும் அதில் இருந்தது. அதனால் எழுதித் தருகிறேன். யாராவது வாசித்துவிடுங்கள்.

ஆர்.கே.புரத்தில் எங்கள் மாடிப்படிக்கு எதிர்வீடு அத்தையும் அவர் கணவர் முத்தையா மாமாவும் குடியிருந்தது. உறவு இல்லை, நினைவு தெரிந்ததிலிருந்து அத்தை என்றுதான் கூப்பிட்டேன். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். "பேரு பேச்சி. இந்த ஊருல வந்து வாயத் தொறக்க முடியல பாத்தியா" என்று தன்னையே கேலி செய்துகொள்வார். அவருக்குத் தெரிந்த ஹிந்தி ஏழு வார்த்தை. அச்சா, நஹீன், பையா, பானி, கித்னா, ஜல்தி, பஸ். காய்கறி வண்டிக்காரரிடம் இந்த ஏழையும் கைவிரல்களையும் வைத்துக்கொண்டே பேரம் பேசி முடித்துவிடுவார். "பஸ்ஸுன்னா போதும்னு அர்த்தமாம்ட்டி. வந்த புதுசுல, இவன் எந்தப் பஸ்ஸச் சொல்லுதான்னு ரோட்டத் திரும்பிப் பாத்தேன்" என்பார். ஏழுக்கு மேல் தேவைப்பட்டால் என்னைக் கூப்பிடுவார். "எட்டாவது வார்த்தைக்கு நீதான் இருக்கியே."

நான் எழுத வேண்டியது அந்த எட்டாவது வார்த்தையைப் பற்றித்தான்.

இரண்டு வருடத்துக்கு முன்பு, பங்குனி உத்திரம் முடிந்த இரண்டாவது ஞாயிறு, நம் செக்டர் சமுதாயக் கூடத்தில் இலவச மருத்துவ முகாம் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். மாமா ஊருக்குப் போயிருந்ததால் அத்தை என்னை அழைத்துப் போனார். முதல் மேசையில் ஒரு பெண் படிவத்தைப் பார்த்துக் கேள்வி கேட்டாள். ஏதாவது இருக்கிறது என்று சொல்பவர்களைத் திரைக்குப் பின்னால் இருந்த பெண் மருத்துவரிடம் அனுப்பினார்கள். இல்லை என்பவர்கள் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்த்துக்கொண்டு வீட்டுக்குப் போகலாம்.

மார்பில் ஏதாவது 'காண்ட்' இருக்கிறதா என்று அவள் ஹிந்தியில் கேட்டாள். எனக்குக் காது சூடாகிவிட்டது. பின்னால் ஆண்களும் நின்றிருந்தார்கள். மார்பு என்ற சொல்லை நான் விழுங்கிவிட்டேன். காண்ட் என்றால் எனக்குத் தெரிந்த அர்த்தம் ஒன்றுதான்: கயிற்றில் போடும் முடிச்சு.

"அத்தை, முடிச்சு ஏதாச்சும் இருக்கான்னு கேக்கறாங்க."

"முடிச்சா? தாலியில மூணு முடிச்சு இருக்கு. அது காணாதாமா அவளுக்கு?"

உங்களில் வரிசையில் நின்றவர்கள் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். திரும்பி அந்தப் பெண்ணிடம் "நஹீன், தீதி", இல்லை அக்கா என்றேன். அவள் படிவத்தில் ஒரு கோடு போட்டாள்.

தீபாவளி கழிந்து ஒரு மத்தியானம் அத்தை என்னைச் சமையலறைக்குள் அழைத்தார். "ஏட்டி, இந்தக் கட்டி பெருசாயிட்டே வருது. வலி கிலி ஒண்ணும் கிடையாது. இருந்தாலும் காட்டிருவமா?" மறுநாள் மாமாவும் சேர்த்து மூவரும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். பதிவு செய்யும் இடத்தில் பெண்கள் வரிசையில் நானும் அத்தையும் மட்டும் நின்றோம். என்ன தொந்தரவு என்று கேட்டார்கள். கட்டி என்பதற்கு எனக்கு ஹிந்தி தெரியவில்லை. வாயைத் திறக்காமல் என் மார்பைத் தொட்டுக் காட்டினேன். உள்ளே இருந்த அம்மாள், "காண்ட் ஹை?" என்று கேட்டு எழுதிக்கொண்டார்.

அந்த நிமிடத்தில்தான் எனக்குத் தெரிந்தது. காண்ட் என்றால் கட்டி. முகாமில் கேட்டது அதைத்தான்.

பெண்களைப் பரிசோதிக்கும் அறை என்பதால் மாமாவை வெளியே நிறுத்திவிட்டார்கள். உள்ளே நானும் அத்தையும் மட்டும். எத்தனை நாளாக இருக்கிறது என்று இளம் மருத்துவர் கேட்டார்.

"பங்குனி உத்திரத்துக்கு முன்னாடியே இருந்துச்சு. பாசிப்பயறு கணக்கா. பொறவு சுண்டைக்காய் அளவு ஆச்சு. வலிக்கலியேன்னு விட்டுட்டேன்."

நான் மாற்றிச் சொன்னேன். மருத்துவர் கோபப்படவில்லை. ஆரம்பத்தில் பெரும்பாலும் வலி இருக்காது, அதனால்தான் வலிக்கும்வரை காத்திருக்கக் கூடாது என்கிறோம், சிறியதாக இருக்கும்போதே வந்திருந்தால் வைத்தியமும் எளிதாக இருந்திருக்கும் என்றார். இத்தனை மாதத்தில் யாருமே இவரிடம் கேட்கவில்லையா என்றும் கேட்டார்.

அந்தக் கேள்வியையும் நான்தான் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன்.

"யாரும் கேக்கலியே. கேட்டிருந்தா சொல்லிருப்பேன்லா" என்றார் அத்தை.

அந்தப் பதிலையும் நான்தான் ஹிந்தியில் சொல்ல வேண்டியிருந்தது. "கிஸீ நே நஹீன் பூச்சா." ஒரு சொல்லும் விடவில்லை, ஒன்றையும் விழுங்கவில்லை. அன்று மிகச் சரியாக மொழிபெயர்த்தேன்.

பரிசோதனை முடிவு வந்தபோது நோய் அக்குளுக்கும் எலும்புக்கும் போயிருந்தது. அதன்பிறகு மூன்று வாரத்துக்கு ஒரு முறை மருந்து ஏற்றப் போனோம். நான்காவது முறை, மருந்து சொட்டிக்கொண்டிருக்கும்போது, நான் முகாமில் நடந்ததைச் சொன்னேன். முழுவதும் சொன்னேன். அத்தை மருந்துப் பையிலிருந்து என் பக்கம் திரும்பினார்.

"மூணு முடிச்சுன்னு கேலி பண்ணுனது நான்லா. நீ என்ன செய்வ" என்றார். பிறகு, "கட்டின்னு நீ கேட்டிருந்தாலும் இல்லன்னுதான் சொல்லிருப்பேன். பின்னால அத்தன ஆம்பளைய நிக்காவ. அவுக முன்னாடி நெஞ்சத் தொட்டுக் காட்டுவேனா?" என்றார். கொஞ்சம் கழித்து, "அது என்ன வார்த்தைட்டி? இன்னொருக்கச் சொல்லு" என்றார்.

அப்படித்தான் அத்தை தன் எட்டாவது வார்த்தையைக் கற்றுக்கொண்டார். கடைசி எழுத்தை அழுத்திச் சொல்லாவிட்டால் ஹிந்தியில் அது கெட்ட வார்த்தையாகிவிடும் என்று நான் சொல்வதற்குள், பக்கத்துக் கட்டிலில் இருந்த பஞ்சாபி அம்மாளிடம் சொல்லிப் பார்த்துவிட்டார். அந்த அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்த சிரிப்பில் நர்ஸ் வந்து எட்டிப் பார்த்தார்.

வீட்டுக்கு வந்தபின், தலையில் துணி கட்டிக்கொண்டு வாசலில் நிற்பார். போகிற வருகிற பெண்களை நிறுத்தி நெஞ்சைத் தொட்டுக் காட்டி, "காண்ட்?" என்பார். இல்லை என்றால், நல்லது என்று "அச்சா." யோசித்தால், சீக்கிரம் போய்க் காட்டு என்று "ஜல்தி, ஜல்தி." இந்த மூன்று வார்த்தையிலேயே காய்கறி வண்டிக்காரரின் மனைவியை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார். அவருக்கு இருந்தது சாதாரணக் கட்டி, பயமில்லை என்று சொல்லி அனுப்பினார்கள். வீணாக அலைய வைத்துவிட்டோமே என்று நான் சங்கடப்பட்டேன். அத்தைக்கு அப்படி ஒரு சந்தோஷம். "சும்மா கட்டின்னு தெரியதுக்கும் போய்க் காட்டணும்லா" என்றார். என் அம்மாவையும் அவர்தான் திட்டித் திட்டிப் பரிசோதனைக்கு அனுப்பினார்.

ஆனால் அத்தைக்கு நோய் எதற்கும் நிற்கவில்லை. மருந்தை மாற்றினார்கள், மறுபடி மாற்றினார்கள். கடைசி மாதங்களில் அவர் கேட்டது தண்ணீர், "பானி" ஒன்றுதான், அதையும் என்னிடமே ஹிந்தியில் கேட்டார். நான் டம்ளரைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். எனக்கு வேறு எதுவும் செய்யத் தெரியவில்லை.

அத்தை சொன்ன இரண்டு வாக்கியங்கள் என்னிடம் இருக்கின்றன. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று மருத்துவரிடம் சொன்னார். கேட்டிருந்தாலும் இல்லை என்றுதான் சொல்லியிருப்பேன் என்று என்னிடம் சொன்னார். இரண்டில் எது உண்மை என்று எனக்குத் தெரியாது. இரண்டாவது எனக்காகச் சொன்னது என்று சில நாள் தோன்றும். இனி கேட்க ஆள் இல்லை. மாமாவுக்கு இதெல்லாம் இன்றுவரை தெரியாது. இதை வாசிக்கும்போது அவர் முன் வரிசையில்தான் உட்கார்ந்திருப்பார். மாமா, எனக்கு இப்படித்தான் சொல்லத் தெரிந்தது.

அடுத்த மாதம் மறுபடி முகாம் போடுகிறார்கள். தமிழ்ப் பெண்களுக்காக முதல் மேசையில் உட்கார என் பெயரைக் கொடுத்திருக்கிறேன். கேட்க வேண்டிய கேள்வியைக் கதவைச் சாத்திக்கொண்டு தினமும் சத்தமாகச் சொல்லிப் பார்க்கிறேன். மார்பில் கட்டி ஏதாவது இருக்கிறதா? முதல் வார்த்தை இப்போது வந்துவிடுகிறது. இரண்டாவது வார்த்தையில் குரல் நின்றுவிடுகிறது.