ஏழு நிமிடக் குடும்பம்

எங்கள் தையல் கம்பெனியில் அவளைக் காஜாக்கா என்போம். சட்டையில் பட்டன் ஓட்டை, அதாவது காஜா, போடும் மெஷின் அவளுடையது. பக்கத்து மெஷின் என்னுடையது. ஆறு வருடமாக அவள் பெருமூச்சுகூட எனக்கு அத்துப்படி.

மகளுக்கு ஒரு வயதானதும் தெருமுனைக் காப்பகத்தில் போய் விசாரித்தாள். அவர்கள் கேட்டது அவள் சம்பளத்தில் முக்கால் பங்கு. கூட்டிப்போகக் கால் மணி நேரம் தாமதமானால் அதற்குத் தனி அபராதம் வேறு.

"பிள்ளைய விட்டுட்டு வேலைக்கு வரணும், அந்தச் சம்பளத்த வாங்கிப் பிள்ளைய விட்ட இடத்துல குடுக்கணும். எதுக்குடி இந்தக் கூத்து?" என்று சிரித்தாள். எனக்கு எரிச்சல்தான் வந்தது.

கடைசியில் ஆஸ்பத்திரி லிஃப்ட் ஓட்டும் அவள் வீட்டுக்காரர் மதிய ஷிஃப்ட் கேட்டு வாங்கிக்கொண்டார். இவளுக்குக் காலை ஷிஃப்ட். மதியம் இரண்டு மணிக்கு எங்கள் கேட் வாசலில் பிள்ளை கைமாறும்.

"பால் குடிச்சாளா?"

"ம். மருந்து மூணு மணிக்கு."

அவர் பஸ் பிடிக்க ஓடுவார். மொத்தம் ஏழு நிமிடம். அவர் வீடு திரும்பும்போது இவள் தூங்கிப்போயிருப்பாள். இவள் கிளம்பும்போது அவர் தூக்கத்தில் இருப்பார். எங்களுக்கு லீவான ஞாயிற்றுக்கிழமை அவருக்கு இரட்டை ஷிஃப்ட். வார நாளில் அவருக்கு லீவு கிடைத்தால் மார்க்கெட்டில் மூட்டை இறக்கப் போய்விடுவார். "அவர்கிட்ட சண்டை போடக்கூட நேரமில்லடி" என்பாள். பாவம், வீட்டில் பேச்சுத்துணைக்கே ஆள் இல்லாமல் தவித்துப்போனாள்.

ஒரே ஒரு நாள் மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட வேண்டும். அவள் ஆசை அவ்வளவுதான். எட்டு மாதம் கெஞ்சிக் கூத்தாடி, போன ஞாயிறு அவர் லீவு வாங்கினார்.

திங்கட்கிழமை, "என்னக்கா, ஒரே குஷியா?" என்று சீண்டினேன். மெஷினை நிறுத்தாமலே சொன்னாள்.

"காலையில அவர் காய்கறி வாங்கிட்டு உள்ள வந்தார். உடனே பாப்பா ஓடிப்போய் என் செருப்ப எடுத்துட்டு வந்து கால்கிட்ட வச்சா. டாட்டான்னு கை ஆட்டினா. நாங்க விழுந்து விழுந்து சிரிச்சோம். 'அம்மா எங்கயும் போகலடா கண்ணு'ன்னேன். பேந்தப் பேந்த முழிச்சா. அப்புறம் போய் அவர் செருப்ப எடுத்துட்டு வந்தா. அவரும் போகலன்னதும் ஒரே அழுகை. ரெண்டு பேரும் வீட்டுல இருந்தா என்னமோ தப்புன்னு பயந்துட்டா போல. தூக்கிப் பார்த்தோம், விளையாட்டுக் காட்டினோம், நிறுத்தவே இல்ல."

"அப்புறம்?"

"நான் செருப்ப மாட்டிக்கிட்டு, டாட்டா காட்டிட்டு, வெளிய வந்து மாடிப்படியில உக்காந்தேன். அழுகை நின்னுடுச்சு. உள்ள அவர் சோறு ஊட்டுறதும் இவ சிரிக்கிறதும் கேட்டுச்சு. சாப்பிட்டு அவ தூங்குற வரைக்கும் அங்கயே இருந்தேன்டி."