வேனின் பின்கதவில் ஒரு கீஸர்

பெருமை அடித்துக்கொள்வது எனக்குப் பிடிக்கும். என் கேஸ் கீஸரைப் பற்றி என்றால் இன்னும் பிடிக்கும். சிட்லபாக்கத்தில் எங்கள் தெருக்காரர்கள் என்னைக் கண்டாலே நடையைக் கட்டுவது அதனால்தான்.

என் மனைவிக்கு மூட்டுவாதம். காலையில் விரல்கள் மடங்காது. சுடுதண்ணீரில் சற்று நேரம் வைத்திருந்தால்தான் சீப்பையே பிடிக்க முடியும். விடிகாலையில் வெந்நீர் கிடைக்குமோ கிடைக்காதோ என்று வெளியூரில் ராத்தங்குவதையே விட்டுவிட்டாள். உறவுக்காரர் கல்யாணம் என்றாலும் அன்றைக்கே திரும்பிவிடுவோம். ஊர் சுற்றவென்றே பிறந்தவள், ரயில் சத்தம் கேட்டதும் அது எந்த ஊர் வண்டி என்று சொல்லிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருந்ததை என்னால் பார்க்க முடியவில்லை.

ஓய்வு பெற்றதும் பழைய வேன் ஒன்றை வாங்கிப் படப்பையில் ஒரு பட்டறையில் விட்டேன். படுக்கை, தண்ணீர் டேங்க், சின்ன பம்ப் எல்லாம் அவர்கள் வேலை. கீஸரை மட்டும் நான்தான் மாட்டுவேன் என்று அடம்பிடித்தேன்.

“இன்னா சார், வண்டிக்கு வெந்நீரா? மலையிலயே குடியேறப் போறீங்களா?” என்றார் பட்டறைக்காரர்.

“பாத்துகினே இருங்க” என்றேன்.

கேஸ் கீஸருக்குக் கரண்ட் வேண்டாம், பொறி தட்ட இரண்டு பேட்டரி செல் போதும். தண்ணீர் ஓடினால் தானே பற்றிக்கொண்டு, ஓடுகிறபோதே சூடாக்கும். எரிந்த வாயு வண்டிக்குள் தங்கினால் உயிருக்கே ஆபத்து. ஆகவே பின்கதவில் மாட்டினேன். கதவை வெளியே விரியத் திறந்த பிறகுதான் பற்றவைப்பது. வீட்டு வாசல் குழாயில் இணைத்துப் பார்த்தபோது ஆவி பறந்தது.

ஏற்காட்டில் முதல் காலை. மனைவி ஸ்வெட்டரோடு ஸ்டூலில் உட்கார்ந்து கைகளை நீட்டினாள். தண்ணீர் மிச்சமாகட்டும் என்று தேடி வாங்கிய பொடித் துளை ஷவரை ஜம்பமாகத் திறந்தேன். பச்சைத் தண்ணீர், ஐஸ் மாதிரி. கீஸர் மூச்சே விடவில்லை. செல்லை மாற்றினேன். அப்போதும் இல்லை.

“பரவாயில்லங்க, வீட்டுக்கே போயிடலாம்” என்றாள், கைகளை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டு.

அந்தப் ‘பரவாயில்ல’தான் எனக்குப் பொறுக்கவில்லை. கீஸர்மேல் அல்ல, என்மேலேயே கோபம் வந்தது. வீட்டில் பற்றியது இங்கே ஏன் பற்றவில்லை? யோசித்தபோது விளங்கியது. இந்தச் சின்ன பம்ப் தள்ளுகிற தண்ணீரை என் சிக்கன ஷவர் இன்னும் நெரித்துவிட்டது. ஓட்டம் போதாமல் கீஸர் தூங்குகிறது. ஷவரைக் கழற்றி வீசினேன். வெறும் குழாயைப் பக்கெட்டுக்குள் விட்டுத் திறந்தேன்.

‘டப்’ என்று நீலமாகப் பற்றியது.

மணிக்கட்டுவரை இரண்டு கைகளையும் பக்கெட்டில் விட்டாள். கண்ணை மூடிக்கொண்டாள். பெருமையடிக்கக்கூட மறந்து, சூடு ஆறாதபடி குழாயைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து விரல்களை மடக்கிப் பார்த்தாள். சீப்பை எடுத்துத் தானே தலை வாரி, பின்னி, நுனியில் ரப்பர் பேண்டையும் தானே போட்டாள்.

“இங்கேர்ந்து கொடைக்கானல் எவ்ளோ நேரம் ஆகும்?” என்று கேட்டாள்.