நுவரெலியாவில் ஒரு கப்பலைத் தேடி

நானுஓயாவில் நாங்கள் இறங்கியபோது பிற்பகல் மூன்றரை மணி. முதல் நாள் மாலை யாழ்ப்பாணத்தில் ரயிலேறி, பொல்காவலையில் வண்டி மாறி வந்திருந்தோம். ஹட்டனைத் தாண்டியதிலிருந்து இருபுறமும் தேயிலைதான். சன்னலோரம் இருந்த அக்கா அதையே பார்த்துக்கொண்டு வந்தார். வல்வெட்டித்துறையை விட்டு இத்தனை தூரம் அவர் வந்தது அதுவே முதல் தடவை. நிலையத்திலிருந்து நுவரெலியாவுக்கு ஐந்து மைல். பஸ்ஸில் ஆளுக்கு முப்பது சதம் வாங்கினார்கள்.

இரண்டாம் உலக யுத்த காலத்தில், கொழும்பிலிருந்த பழைய அரசாங்கக் கடதாசிகளைக் குண்டுக்குப் பயந்து இந்த மலைக்கு ஏற்றியிருந்தார்கள். யுத்தம் முடிந்து பத்தாண்டாகியும் அவை இறங்கவில்லை. ஒல்லாந்தர் காலத்துக் கப்பல் குறிப்புகளிலிருந்து துறைமுகங்களின் விசாரணைக் கட்டுகள் வரை எல்லாம் அங்கே இருந்தன. அக்காவின் கணவரான என் அத்தான் பாய்க்கப்பல் ஒன்றின் தண்டையல். கப்பலை நடத்திச் செல்லும் தலைவர். யுத்தத்துக்கு முந்திய ஒரு மார்கழியில், பர்மாவிலிருந்து அரிசி ஏற்றி வந்த அவருடைய கப்பல் காணாமற் போயிற்று. ஊருக்கு வந்த செய்தி அவ்வளவுதான். ஒருவரும் திரும்பவில்லை. அக்கா தாலியைக் கழற்றவில்லை. அத்தானுக்குக் கிரியை செய்யவும் விடவில்லை. நான் கப்பலின் பெயரைக் குறிப்பிட்டு எழுதி விசாரித்தேன். அப்படி ஒரு கட்டு இருப்பதாகப் பதில் வந்தது. தானும் வருவதாக அக்கா சொன்னபோது என்னால் மறுக்க முடியவில்லை.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது, கடதாசிகள் இருந்த அரசாங்கக் கந்தோரைப் பூட்டிக்கொண்டிருந்தார்கள். பியோன் ராமையா, நாளைக்குத்தான் பார்க்கலாம் என்றார். பிறகு பருத்திச் சேலையோடு நடுங்கி நின்ற அக்காவைக் கண்டு, எங்கே தங்கப் போகிறோம் என்று கேட்டார். அதை நாங்கள் யோசித்திருக்கவில்லை. ராமையா எங்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தார்.

ஒரு மைல் தள்ளி, தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் அவருக்கு ஒரே ஓர் அறை. அவர் மனைவி செல்லம்மா கொழுந்து பறிப்பவர். அப்போதுதான் மலையிலிருந்து இறங்கியிருந்தார். சேலைத் தலைப்பு ஈரமாக இருந்தது. “வாங்கக்கா, அடுப்புகிட்ட ஒக்காருங்க,” என்று, ஏதோ எதிர்பார்த்திருந்த உறவினரை வரவேற்பது போல அக்காவின் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனார்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு நான் மட்டும் கந்தோருக்குப் போனேன். கட்டு மெலிதாக இருந்தது. உள்ளே ஒரு நீராவிக் கப்பல் அதிகாரியின் ஆங்கில வாக்குமூலம். திருகோணமலைக்குக் கிழக்கே, புயலின் நடுவே, பாய்மரம் முறிந்த எங்கள் கப்பலை அவர் கண்டிருக்கிறார். படகு இறக்க இரண்டு முறை முயன்றும் கடல் விடவில்லை. தொலைநோக்கியில் ஏழு பேர் தெரிந்தார்கள். ஒருவர் சுக்கானைப் பிடித்து நிற்க, மற்றவர்கள் அவரருகே கப்பலின் பின்புறத்தில் ஒருவரோடொருவர் ஒட்டியபடி இருந்தார்கள். ஒருவரின் தலை இன்னொருவரின் மடியில் இருந்தது. நின்றவர் தம் போர்வையைக் கழற்றி, படுத்திருந்தவருக்குப் போர்த்தினார். பிறகு இருட்டிவிட்டது. விடிந்தபோது கப்பல் இல்லை.

சுக்கானில் நின்றவர் தண்டையலான அத்தானாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் உதவி அத்தனை கிட்ட வந்து போனதை அக்காவிடம் எப்படிச் சொல்வது? மறைத்துவிடலாமா என்று லயத்துப் பாதை முழுவதும் யோசித்தேன். வாசலில் காத்திருந்தவரின் முகத்தைப் பார்த்ததும் அந்த எண்ணம் நிற்கவில்லை. எல்லாவற்றையும் தமிழில் சொன்னேன்.

அக்கா உள்ளே வந்து அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டார்:

“எல்லாரும் ஒண்டாத்தான் இருந்தவையோ, தம்பி?”

“ஓம், அக்கா.”

“இவ்வளவு காலமும் அவர் தனியக் கிடந்து தவிச்சவர் எண்டுதான் நினைச்சுக்கொண்டு இருந்தனான்.”

அதன் பிறகுதான் அழுதார். வேலை முடிந்து வந்த செல்லம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு, அக்காவின் சில்லிட்ட பாதங்களைத் தன் மடியில் எடுத்து வைத்துக் கம்பளியால் மூடினார்.

விளக்கு வைத்த பிறகு, செல்லம்மா தயங்கித் தயங்கிக் கேட்டார்: “கடலு எப்புடிக்கா இருக்கும்? எங்க பாட்டன் பூட்டனெல்லாம் அதைத் தாண்டித்தான் வந்தாங்களாம். நான் பார்த்ததே இல்ல.”

நான் திடுக்கிட்டேன். எங்கள் வீட்டில் அந்தச் சொல்லையே யாரும் எடுப்பதில்லை. கரை நூறு கஜத் தூரத்தில் இருந்தும் அக்கா அந்தப் பக்கம் போவதில்லை. ஆனால் அன்று அக்கா சொன்னார். வாடைக் காற்றில் அலை வருவதையும், அமைதியான காலத்தில் விடியற்காலையில் தண்ணீர் எண்ணெய் போல அசையாமல் கிடப்பதையும், கப்பல் வரும் நாளில் ஊரே கரையில் கூடுவதையும் சொன்னார். இடையில் அத்தானின் பெயரும் வந்தது.

அடுத்த நாள் நானுஓயாவுக்கு ராமையா கூட வந்தார். செல்லம்மா விடியவே மலைக்குப் போய்விட்டதால் லயத்து வாசலிலேயே விடைபெற்றிருந்தோம். ரயில் வளைவுகளில் இறங்கத் தொடங்கியதும், ஊருக்குப் போய் அத்தானுக்குச் செய்ய வேண்டியதைச் செய்வோம் என்றார் அக்கா. யாழ்ப்பாணத்து வெயிலில் இறங்கியபோது, அந்த ஒற்றையறையின் சூடு இதைவிட இதமாக இருந்ததாக எனக்குப் பட்டது.

கிரியை நடந்தது. அடுத்த ஆண்டு ராமையாவும் செல்லம்மாவும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். வந்த அன்று பின்னேரமே அக்கா செல்லம்மாவைக் கரைக்குக் கூட்டிப் போனார். அலையைக் கண்டு செல்லம்மா பின்வாங்கினார். அக்கா சேலையைச் சற்றே தூக்கிச் செருகிக்கொண்டு, பிடித்த கையை விடாமல், முழங்கால் தண்ணீர் வரை அவரை நடத்திப் போனார்.