ஜெபா எழுதிய ஒற்றை வரி

ஜெபாவுக்குச் சந்தோஷம் வந்தால் பக்கத்தில் இருப்பவர்களுக்குத்தான் ஆபத்து. தோளில் ஓங்கி அடிப்பாள். ராஜபாளையத்தில் ஒரு கல்லூரியில் அவள் தாவரவியல், நான் வணிகவியல். ஆசிரியர் அறையில் என் நாற்காலி அவளுக்குப் பக்கத்தில் என்பதால் அடி முழுக்க எனக்கு.

அவளுக்கு இன்னொரு வேலையும் உண்டு. பருவநிலை மாற்றம் பற்றிய ஒரு பெரிய மதிப்பீட்டு அறிக்கைக்காக, மாமரம் பற்றி வந்த ஆய்வுகளை எல்லாம் தேடிப் படித்து, சலித்து, சேர்த்துவைத்துப் பார்த்து, எதை எவ்வளவு உறுதியாகச் சொல்லலாம் என்று எழுத வேண்டும். சம்பளம் கிடையாது. ஏன் என்று கேட்டால் முறைப்பாள்.

மலையடிவாரத்து மா பற்றி ஏழு கட்டுரைகள் கிடைத்தன. பூக்கும் காலத்தில் வெயில் கூடியதால் விளைச்சல் விழுகிறது என்று ஏழும் சொல்லின. “உறுதியாகச் சொல்லலாம்” என்று ஜெபா ஒரு வரி எழுதினாள். குழுத் தலைவரே போனில் பாராட்டினார். பெருமை தாங்காமல் வீட்டிலும் சொல்லிவிட்டாள்.

வம்பு அங்கேதான் பிறந்தது. அவள் கணவரின் தம்பி சாம்சனுக்கு அய்யனார் கோவில் போகும் வழியில், மலையடிவாரத்தில் மாந்தோப்பு. காய்ப்பு குறைந்துபோய், வெட்டுவதா வேண்டாமா என்று தவித்துக்கொண்டிருந்தார். மதினியே சொன்ன பிறகு என்ன யோசனை என்று மரம் வெட்ட ஆள் பேசிவிட்டார். தென்னை வைக்கப் போகிறாராம்.

ஒரு நாள் காலை, அறிக்கையை அனுப்புமுன் கடைசியாகப் புரட்டிக்கொண்டிருந்தவள் என் தோளில் ஒன்று வைத்தாள்.

“ஏட்டி காளீஸ்வரி, இங்க பாரு! ஏழு கட்டுரையிலயும் அதே வருஷத்துல, அதே ஒரு மாசத்துக் கணக்கு மட்டும் இல்ல!”

“இல்லாட்டி போட்டும். வலிக்குதுட்டி.”

“வேற வேற தோப்புன்னா எல்லாருக்கும் அதே மாசம் எப்படி விட்டுப்போகும்?”

கட்டுரை எழுதியவர்களுக்கு ஒவ்வொருவராகப் போன் போட்டாள். எல்லாம் சேத்தூர்ப் பக்கத்து ஒரே தோப்பின் கணக்கு! போதாததற்கு, அந்த வருஷங்களில் அங்கே கிணறு வற்றிக் கிடந்ததாம். காய்ப்பைக் குறைத்தது வெயிலா, தண்ணீர்ப் பஞ்சமா, யார் கண்டது? கண்டுபிடித்த குஷியில் ஜெபா குதித்தாள். எனக்கும் தொற்றிக்கொண்டது.

“அப்போ நீ எழுதுன வரி?”

“போச்சு!” என்று சிரித்தவள் சட்டென்று நின்றாள். “ஐயையோ, சாம்சன் தம்பி இன்னைக்குத்தான் மரத்த வெட்டுதாரு!”

போன் போட்டால் மலையடிவாரத்தில் சிக்னல் இல்லை. அவள் ஸ்கூட்டரை எடுத்தாள், நான் பின்னால் தொற்றிக்கொண்டேன். வேகத்தடைகளில் வண்டி பறந்தது. பயம் பாதி, உற்சாகம் பாதி. வாய் திறந்து திட்டக்கூட முடியவில்லை.

தோப்பில் மிஷின் உறுமிக்கொண்டிருந்தது. ஓரத்து மரம் ஒன்று விழுந்துகிடந்தது. ஜெபா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினாள்.

“நிப்பாட்டுங்க தம்பி! நான் சொன்னது தப்பு!”

“அப்போ இனிமே காய்க்குமா மதினி?”

“தெரியல!”

“காய்க்காதா?”

“அதுவும் தெரியல! இன்னைக்கு வரைக்கும் யாருக்குமே தெரியல தம்பி!” பரீட்சையில் முதலாவதாக வந்த பிள்ளை போல மூச்சிரைக்கச் சொன்னாள்.

சாம்சன் அவளைப் பார்த்தார். விழுந்த மரத்தைப் பார்த்தார். நல்ல கோபம். திட்டப்போகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் மிஷின்காரர் பக்கம் திரும்பினார்.

“நிப்பாட்டுய்யா. யாருக்கும் தெரியாததுக்கு மரத்த எதுக்கு வெட்டணும்?”

மிஷின் நின்றது. விழுந்த மரத்தை ஜெபா அப்போதுதான் சரியாகப் பார்த்தாள். பார்த்ததும் அழுதுவிட்டாள்.