அறுத்த ஜீப்

ரகு, நீ செய்தது துரோகம்.

பழைய ஜீப் வைத்திருக்கும் நம் கூட்டத்தில் ஒருவர் வண்டிக்குப் பாகம் கிடைக்காவிட்டால் இன்னொருவர் தன் வண்டியிலிருந்து கழற்றித் தருவார். உன் பழைய ராணுவ ஜீப்புக்கு ஹைதராபாத் மெட்டுகுடா நண்பர் ரேடியேட்டர் தந்தார். நான் கியர்பாக்ஸ் தந்தேன். என் ஜீப் கோவையில் நகராமல் நிற்கிறது.

உன் வண்டி ஓடுவதைப் பார்க்க ஹைதராபாத் வந்திருக்கிறேன். சைனிக்புரியில் உன் ஷெட்டில் ஜீப்பின் பின்பாதி மட்டும் கிடக்கிறது. அறுத்த விளிம்பு இன்னும் பளபளக்கிறது.

"முன்பாதி எங்கேப்பா?" என்று உன் வெல்டர் மணியிடம் கேட்கிறேன்.

"ரகு சார் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனிக்கு வித்துட்டார் சார். அவங்க கேன்டீன்ல காபி கவுன்ட்டர் ஆக்கிட்டாங்க."

"என் கியர்பாக்ஸ்?"

"நக்கோ சார், கேக்காதீங்க. காயலான் கடைக்குப் போயிடுச்சு."

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் கூடும்போது, கழற்றித் தந்த அத்தனை பேர் முன்னாலும் நின்று சொல்: அறுப்பதற்கு முன் எங்களில் ஒருவரையாவது ஏன் கேட்கவில்லை?