போணி ஆகாத கடை

1948 நவம்பர் 8, திங்கட்கிழமை, காலை ஆறு மணி நாற்பது நிமிடம். தூறல், காற்று இல்லை. அரியலூர் ஸ்டேஷனிலிருந்து கடைவீதிக்கு நடந்துகொண்டிருந்தேன். குடையில் இரண்டு கம்பிகள் ஒடிந்திருந்தன. பையில் துணி சோப்பு மாதிரிகள் பன்னிரண்டு.

நான் ஒரு சோப்புக் கம்பெனியின் விற்பனை ஏஜெண்டு. அரியலூரின் பெரிய மளிகைக் கடை மூன்று மாதமாக எங்கள் சரக்கை எடுக்கவில்லை. "அந்த ஆர்டர் இல்லாமல் வந்தால் பையை இங்கே வைத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம்" என்று திருச்சி மானேஜர் சனிக்கிழமை சொல்லியிருந்தார். எனக்குக் கல்யாணமாகி அப்போது ஐந்து மாதம்.

வேலையில் சேர்ந்த அன்று அதே மானேஜர் கற்றுக்கொடுத்தது இது: கடை திறக்கும்போதே போய் நில், அவர்கள் வாயைத் திறப்பதற்குள் நீ பேசு. அப்படியே போய் நின்றேன். முதலாளி வாசலில் தண்ணீர் தெளித்துக் கற்பூரம் காட்டி முடித்திருந்தார்.

"வணக்கம் முதலாளி. எங்க சோப்புல இப்ப..."

"இன்னும் போணி ஆவல சார்."

அன்றைய முதல் வியாபாரம் ஆகும்வரை கடையிலிருந்து காசு வெளியே போகாது. 'வேண்டாம்' என்ற சொல்லும் அவர் வாயிலிருந்து வராது. வேண்டாம் என்று சொல்லாததை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். மாதிரிகளைப் பரப்பி, வாசனை, நுரை, நிறம் என்று அடுக்கினேன். அவர் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தராசுக்குப் பின்னால் இருந்த எடை போடுகிறவர் சொன்னார்: "ஏஜெண்டு சார், உங்க சோப்ப விட உங்க வாயிலதான் நுரை ஜாஸ்தி வருது."

முதலாளி திரும்பாமலே சிரித்தார். நான் மாதிரிகளைப் பைக்குள் எடுத்து வைத்தேன்.

மழை வலுத்தது. தீபாவளி முடிந்த வாரம்; ஜனங்கள் கையில் காசில்லை. ஒருவர் வந்து ரூபாய்க்குச் சில்லறை கேட்டார். இன்னொருவர் பீடிக்கு நெருப்பு கேட்டார். ஒவ்வொரு தடவையும் முதலாளி முகம் சுருங்கியது. மணி எட்டு பத்து. எனக்குத் திரும்பும் ரயில் ஒன்பதரைக்கு.

எடைக்காரருக்கே பொறுக்கவில்லை. "ஏன் சார், உங்க வூட்டுல சாமானே வாங்க மாட்டீங்களா? காத்தக் குடிச்சா இருக்கீங்க?"

ஒன்றரை மணி நேரம் நின்றும் இது எனக்குத் தோன்றவில்லை! வேட்டியைப் பார்த்தேன். முழங்கால் வரை சேறு.

"துணி சோப்பு ஒரு பார் குடுங்க முதலாளி."

கடையில் இருந்தது போட்டிக் கம்பெனி சோப்பு மட்டும்தான். முதலாளி அப்போதுதான் முழுதாக என் பக்கம் திரும்பினார்.

"நெசமாத்தான் கேக்குறீங்களா?"

"சேறு போவணுமே."

"ஏழணா."

"ஆறணாவுக்குத் தர..." நாக்கு தானாகப் போய்விட்டது.

எடைக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். "போணியில பேரமா! வெளங்கிடும்!"

மறுபேச்சில்லாமல் ஏழணாவை வைத்தேன். முதலாளி கண்ணில் ஒற்றிக் கல்லாவில் போட்டார். முகம் தெளிந்துவிட்டது. அந்தத் தெம்பில் கேட்டேன்: "இத ஜனங்க எதுக்கு விரும்பி வாங்குறாங்க?" அந்தக் கடையில் நான் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

"உங்களது தண்ணி பட்டா கூழாயிடுது சார். ஏரியில கல்லு மேல வெச்சுட்டு ரெண்டு துணி கசக்கறதுக்குள்ள பாதியக் காணோம். பொம்பளைங்க எங்கிட்ட வந்து சண்ட போடுறாங்க. நாலு தடவ சொல்ல வந்தேன், நீங்க பேச விட்டாத்தானே?"

போன மாதத்திலிருந்து கம்பெனியில் சோப்பை நன்றாகக் காயவைத்துத்தான் அனுப்புகிறார்கள். அந்த ஒன்றை மட்டும் நான் யாரிடமும் சொன்னதில்லை. மாதிரி ஒன்றை வாசல் தெளித்த தண்ணீர் வாளியில் போட்டேன். "நான் கெளம்பற வரைக்கும் கெடக்கட்டும்."

ஒன்பது மணிக்கு முதலாளியே எடுத்துக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். விரல் உள்ளே போகவில்லை.

"ரெண்டு பொட்டி போடுங்க. கரைஞ்சா திருப்பி எடுத்துக்கணும்."

"எடுத்துக்கறேன் முதலாளி."

ஸ்டேஷனுக்கு ஓடியே போனேன். ரயில் பெட்டியில் உட்கார்ந்த பிறகுதான் மூச்சு ஒழுங்காக வந்தது. மழையில் குடையை விரிக்கவே மறந்திருந்தேன். பை என் மடியிலேயே இருந்தது.

போட்டிக்காரன் சோப்பைக் கம்பெனிச் செலவில் எழுத முடியுமா? அந்த வேலை என்னிடம் நிலைத்ததற்கு என் கையிலிருந்து போனது ஏழணா.